கோடைப் பயணம்: கூட்டத்தை விட்டுச் சற்று ஒதுங்குவோம்

தேர்வுகள் முடிந்து பள்ளிகளுக்கு விடுமுறை விட்டதும் நம் மஹல்லாக்களில் ஒரே கேள்விதான் வலம் வருகிறது: "இந்த ஆண்டு ஊட்டியா, கொடைக்கானலா?" மூன்றாவது இடம் ஒன்று இருக்கக்கூடும் என்ற எண்ணமே பலருக்கு எழுவதில்லை. நாங்களும் அப்படித்தான் இருந்தோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதச் சனிக்கிழமையில் வாடகை வேன் ஒன்றில் இரண்டு குடும்பங்களாக ஊட்டிக்குப் புறப்பட்டோம். அந்தப் பயணத்தில் நடந்த இரண்டு செய்திகளே என்னை இக்கட்டுரையை எழுதத் தூண்டின.

முதலாவது, என் தாயாரைப் பற்றியது. மேட்டுப்பாளையத்தைக் கடந்து கல்லாறு தாண்டிய சிறிது நேரத்தில் வாகனங்கள் நின்றுவிட்டன. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம். இறங்கி நிற்கவும் இடமில்லாத மலைச்சாலை. வேன் பத்தடி நகரும், கால் மணி நேரம் நிற்கும். அஸருடைய நேரம் வந்தது, மஃரிபை நெருங்கியது. தாயாரால் இறங்க இயலவில்லை. இருக்கையிலேயே அமர்ந்து, எந்தத் திசை என்றே தெரியாமல், வளைவுக்கு வளைவு திரும்பிக்கொண்டிருந்த வண்டியில் சைகையால் தொழுதார். விடுதி அறைக்குப் போனதும் அந்தத் தொழுகையை மீண்டும் தொழுதார். தொழுது முடித்தவர் எங்களிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அன்று காலையிலிருந்து அவர் தண்ணீரும் அருந்தவில்லை என்பது பிறகே எனக்குத் தெரிந்தது. வழியில் பெண்கள் ஒதுங்கத் தூய்மையான கழிப்பறை கிடைக்குமோ கிடைக்காதோ என்ற அச்சம். எழுபது வயதைக் கடந்த ஒருவர், மே மாத வெயிலில், பத்து மணி நேரம்! ஆண்களாகிய எங்களில் ஒருவருக்கும் இதைக் கேட்டறியத் தோன்றவில்லை.

இரண்டாவது, ஊர் திரும்பிய பின் என் துணைவியார் சொன்னது. "ஊட்டி எப்படி இருந்தது?" என்று அண்டை வீட்டார் கேட்டபோது, "நான் எங்கே ஊட்டிக்குப் போனேன்? அடுப்பு போனது, அதன் கூடவே நானும் போனேன்" என்றார். அவர் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

ஊட்டியின் மீது எனக்குக் குறையொன்றும் இல்லை. தாங்கும் அளவுக்கு மேல் அந்த மலையின் மீது நாம் ஏறி நிற்கிறோம் என்பதே வருத்தம். சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாயிற்று. 2025-ஆம் ஆண்டுக் கோடையில் எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தது. நீலகிரிக்கு வார நாள்களில் நாளொன்றுக்கு 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000. வரம்பு வைத்த பின்னும் எட்டாயிரம் என்றால், வரம்பில்லாத நாள்களில் எவ்வளவு இருந்திருக்கும்! நீதிமன்றம் வந்து தடுக்கும் வரை நமக்குத் தோன்றவில்லையே என்பதையும் நாம் எண்ணிப் பார்க்கலாம். நெரிசல், நெரிசல் என்று குறைப்பட்டுக்கொண்டே போகிறவர்கள்தாம் அந்த நெரிசல்.

அதற்காக வீட்டிலேயே அடைந்து கிடக்க வேண்டும் என்பதில்லை. "சுற்றுலா என்பதே வீண்விரயம்" என்று சொல்லும் பெரியவர்கள் நம் ஜமாஅத்தில் உண்டு. அவர்கள் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு; ஆயினும் இக்கருத்தில் உடன்பாடு இல்லை. உன் உடலுக்கு உன் மீது உரிமை உண்டு, உன் குடும்பத்தாருக்கு உன் மீது உரிமை உண்டு என்ற கருத்தில் அமைந்த நபிமொழியை நாம் அனைவரும் அறிவோம். வாரத்தில் ஆறு நாள் கடையிலும் அலுவலகத்திலும் கழித்துவிட்டு, ஏழாம் நாள் கைப்பேசியோடு படுத்திருக்கும் தந்தையிடம் அந்த உரிமையை யார் கேட்டுப் பெறுவது? குடும்பத்தோடு இரண்டு நாள் வெளியே போவது வீணன்று. எங்கே போகிறோம், எப்படிப் போகிறோம் என்பதில்தான் வீண் இருக்கிறது.

அடுத்த ஆண்டு நாங்கள் தேர்ந்தது ஜவ்வாது மலை. நாங்கள் திருப்பத்தூர்ப் பக்கத்தவர்கள். ஊட்டி எங்களுக்கு முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. ஜவ்வாது மலையோ வீட்டு மாடியிலிருந்தே தெரிகிறது. ஆலங்காயம் வழியாக மேலேறிக் காவலூரைக் கடந்தால் ஜமுனாமரத்தூர். தொழுகையைச் சுருக்கித் தொழும் பயணிக்குரிய சலுகைகூடக் கிடைக்காத தூரம்! ஜும்ஆ முடித்து, வீட்டில் உணவருந்தி, நிதானமாகப் புறப்பட்டு, அஸரை மலைமேல் தொழுதோம். நம்மில் பெரும்பாலோருக்கு இப்படியோர் இடம் பக்கத்திலேயே இருக்கிறது. பக்கத்தில் இருப்பதாலேயே அது கண்ணில் படுவதில்லை.

தங்குவதற்கு விடுதி தேடவில்லை, வேனிலேயே தங்கினோம். மேலை நாடுகளில் இதற்கென்றே படுக்கையும் சமையலிடமும் கொண்ட கேம்பர் வேன்கள் உண்டு. கேரள அரசு 2021-இல் கேரவன் சுற்றுலாவுக்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. கேரவன் என்றால் நம்மவர்களுக்குத் திரைப்பட நடிகர்கள்தாம் நினைவுக்கு வருவார்கள், அது கிடக்கட்டும். எங்கள் வேன் என் மைத்துனருடையது, எளிய வண்டி. பதிவுச் சான்றிதழில் உள்ள அமைப்பை அனுமதியின்றி மாற்றக்கூடாது என்பதால் எதையும் வெட்டவோ ஒட்டவோ இல்லை. இருக்கைகளுக்கிடையே பலகைகளை வைத்து, மேலே மெத்தை விரித்தோம். சன்னல்களுக்குத் துணித் திரை, கொசுவலை, இரண்டு தண்ணீர்க் குடங்கள், பாய், விளக்கு. பெண்களும் குழந்தைகளும் வேனுக்குள் படுத்தார்கள். ஆண்கள் வெளியே தார்ப்பாய்க்கு அடியில். தாயாருக்கு வேண்டியிருந்தவை மூன்றுதாம்: உளூச் செய்யத் தண்ணீர், மறைவான ஓர் இடம், யாரும் அவசரப்படுத்தாத நேரம். விடுதி அறைக்குப் பெருந்தொகை கொடுத்தும் கிடைக்காதவை இங்கே கிடைத்தன.

எங்கே நிறுத்துவது என்பதுதான் இத்தகைய பயணத்தின் முதன்மையான கேள்வி. இதற்கு நம்மிடம் பதினான்கு நூற்றாண்டுகளாக விடை இருக்கிறது. பயணத்தில் இரவில் தங்க நேர்ந்தால் பாதையை விட்டு விலகித் தங்குங்கள், இரவில் அது விலங்குகளும் ஊர்வனவும் நடமாடும் இடம் என்னும் கருத்தில் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. முதுமலை, பந்திப்பூர் காட்டுச் சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வாகனங்களுக்குத் தடை இருப்பதை நாம் அறிவோம். அந்தத் தடையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த நபிமொழியே நினைவுக்கு வருகிறது. பகலில் நமக்குரிய பாதையில் இரவில் பிற உயிர்களுக்கும் பங்கு உண்டு. ஆகவே காட்டோரச் சாலையில் நினைத்த இடத்தில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு உறங்குவது வீரமன்று. காப்புக்காட்டுக்குள் வனத்துறையின் அனுமதியின்றித் தங்குவது குற்றமும் ஆகும்.

நாங்கள் ஒரு மலைவாழ் விவசாயியின் நிலத்தில் நிறுத்தினோம். முதலில் வண்டியைத் தொலைவிலேயே நிறுத்திவிட்டு, நானும் மைத்துனரும் நடந்து போய்க் கேட்டோம். பிறர் வீட்டுக்குள் அனுமதி பெற்று, ஸலாம் கூறி நுழைய வேண்டும் என்று கற்பிக்கும் மார்க்கம், பிறர் நிலத்துக்கும் பிறர் ஊருக்கும் வேறொன்றைக் கற்பிக்குமா? அவர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எத்தனை பேர்? பாட்டுப் போடுவீர்களா? குடிப்பீர்களா?" என்று கேட்டார். இல்லை என்றோம். "அப்படியானால் பலா மரத்தடியில் நிறுத்திக்கொள்ளுங்கள்" என்றார். அவருடைய கேள்விகளைப் பிறகு நினைத்துப் பார்த்தேன். மலைக்கு வருகிறவர்களைப் பற்றி அவர் அறிந்து வைத்திருந்தது அவ்வளவுதான்.

அவர் வீட்டுக் கழிப்பறையைப் பெண்கள் பயன்படுத்திக்கொள்ள அவருடைய மனைவியார் இசைந்தார். அதற்கும் இடத்துக்குமாக நாங்கள் கொடுத்த தொகையை முதலில் மறுத்துப் பிறகு பெற்றுக்கொண்டார். இதை வெட்கப்படாமல் முன்கூட்டியே பேசி முடிக்க வேண்டும் என்று வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். நீர்நிலையிலும் நடைபாதையிலும் மக்கள் இளைப்பாறும் நிழலிலும் அசுத்தம் செய்வதைச் சாபத்துக்குரிய செயல் என்று எச்சரித்திருக்கிறார்கள் நபியவர்கள். கோடை விடுமுறை முடிந்த பின் எந்த மலை ஓடைக்கும் போய்ப் பாருங்கள், அந்த எச்சரிக்கை எவ்வளவு தேவையானது என்பது விளங்கும்.

அந்த மாலையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மஃரிபுக்கு முன் கிப்லா எது என்ற பேச்சு எழுந்தது. கைப்பேசியில் தொடர்பு இல்லை. என் மகன் மேற்கைக் காட்டினான். நம் பகுதியில் கிப்லா நேர் மேற்கன்று, மேற்கிலிருந்து ஏறத்தாழ 18 பாகை வடக்கே சாய்ந்தது. வட தமிழ்நாட்டில் மே மாத நடுவில் சூரியன் மறையும் புள்ளியும் ஏறக்குறைய அதே அளவு வடக்கே சாய்ந்திருக்கும். ஆகவே அந்நாள்களில் சூரியன் இறங்கும் இடத்தை நோக்கி நின்றாலே போதும். இன்னொரு வழியும் உண்டு. மே 27, 28 ஆகிய நாள்களில் நம் நேரப்படி பிற்பகல் 2.48 மணியளவில் சூரியன் கஅபாவின் உச்சிக்கு நேரே நிற்கிறது. அப்போது நேராக நட்ட குச்சியின் நிழல் எத்திசையில் விழுகிறதோ, அதற்கு எதிர்த்திசை கிப்லா. இதையெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே சூரியன் மறைவதைப் பார்த்திருந்தோம். தினமும் ஐந்து வேளை தொழுகிற குடும்பம்தான். ஆனால் பள்ளிவாசலின் சுவரும் வீட்டுச் சுவரும் காட்டிய திசையை வானம் காட்டி அன்றுதான் பார்த்தோம்.

மலை மீது தனித்து ஆடு மேய்க்கும் ஒருவர் பாங்கு சொல்லித் தொழும்போது இறைவன் அவரைக் குறித்து மகிழ்கிறான் என்ற கருத்தில் ஒரு நபிமொழி உண்டு. மகன் எழுந்து நின்று பாங்கு சொன்னான். ஒலிபெருக்கி இல்லை, அவனுடைய குரல் பலா மரத்தைத் தாண்டிப் போயிருக்குமா என்பதே ஐயம். தாயார் பாயை விரித்து நின்றவர், மஃரிபுக்குப் பின் இஷா வரை அங்கேயே அமர்ந்திருந்தார்.

இரவில் விளக்கை அணைத்தோம். காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் இயங்கி வருகிறது. இருண்ட வானமும், தென்வானைக் காண ஏற்ற இடமும் என்பதால் அந்த மலையைத் தேர்ந்தார்கள். அறிவியலாளர்கள் தேடி வந்து அமர்ந்த இருளில் நாம் வேனின் முகப்பு விளக்கை எரியவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய அறியாமை! வானங்களும் பூமியும் படைக்கப்பட்டிருப்பதில் சிந்திப்போருக்குச் சான்றுகள் இருப்பதாகக் குர்ஆன் மீண்டும் மீண்டும் நினைவூட்டுகிறது. நகரத்துப் பிள்ளைகளுக்கு அந்தச் சான்றைக் காட்டவே ஓர் இருண்ட இடம் தேட வேண்டியிருக்கிறது. என் இளைய மகள், "இவ்வளவும் நம் ஊரிலும் இருக்கிறதா?" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன்.

இனி எங்கள் தவற்றைச் சொல்ல வேண்டும். இரவு உணவுக்கு ஆம்பூரிலிருந்து பிரியாணி வாங்கி வந்திருந்தோம். உண்டு முடித்ததும் எலும்புகளை இலையில் சுற்றி, காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்று மரத்தின் ஓரமாக வைத்துவிட்டுப் படுத்துவிட்டோம். இரவில் நாய்கள் வந்திருக்கின்றன. ஃபஜ்ர் தொழுது விட்டுச் சற்றுக் கண்ணயர்ந்தோம். எழுந்து பார்த்தால் அந்த வீட்டுப் பெண்மணி துடைப்பத்தோடு குனிந்து, முற்றம் முழுதும் சிதறிக் கிடந்த எங்கள் எலும்புகளையும் இலைகளையும் கூட்டிக்கொண்டிருந்தார். அவர்கள் சாமை உலர்த்தும் முற்றம் அது. நான் ஓடிப்போய்த் துடைப்பத்தைக் கேட்டேன், தரவில்லை. "இருக்கட்டும் ஐயா, விருந்தாளி" என்றார்.

பாதையில் கிடக்கும் தொல்லை தருபவற்றை அகற்றுவது ஈமானின் கிளைகளுள் ஒன்று என்று மேடைகளில் பேசுகிறோம். அன்று அகற்றியவர் அவர், போட்டவர்கள் நாங்கள். பாட்டுப் போடவில்லை, குடிக்கவில்லை என்பதால் நாங்கள் நல்ல விருந்தினர் என்று இரவு முழுதும் எண்ணிக்கொண்டிருந்தது எவ்வளவு பொய்! கூட்டமான சுற்றுலாத் தலத்திலாவது துப்புரவுப் பணியாளர்கள் இருக்கிறார்கள். அமைதியான இடத்தில் அந்த வீட்டுக்காரர்தான் துப்புரவுப் பணியாளர். ஒதுங்கிய இடத்தைத் தேடிப் போகிறவருக்குப் பொறுப்பு கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. அதன் பின் எங்கள் வேனில் மூடியுள்ள வாளி ஒன்று நிரந்தரமாக ஏறிவிட்டது. குப்பை முழுதும் இரவே அதற்குள் போய், எங்கள் ஊர் வரை எங்களோடு வருகிறது.

நெருப்பைப் பற்றியும் ஒரு சொல். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றத்துக்குச் சென்ற 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்த சுற்றுலா ரயில் பெட்டிக்குள், விதியை மீறிக் கொண்டுவரப்பட்ட எரிவாயு உருளையால் தீப்பற்றி 9 பேர் மாண்டனர். வேனுக்குள் அடுப்பு வைத்துத் தேநீர் போடுவது படங்களில் அழகாகத் தெரிகிறது. வேண்டாம். அடுப்பை வெளியே, சருகில்லாத வெறுந்தரையில், பக்கத்தில் ஒரு குடம் தண்ணீரோடு வையுங்கள். உறங்கும் முன் நெருப்பை அணைத்துவிடுங்கள் என்பதும் நபியவர்கள் கற்றுத்தந்ததே. கோடையில் மலைமேல் விறகு மூட்டிக் குளிர் காயும் ஆசையையும் விட்டுவிடலாம். மே மாதத்தில் அங்கே அவ்வளவு குளிரும் இல்லை.

சமையலை யார் செய்வது? ஊட்டிப் பயணத்துக்குப் பின் எங்கள் குடும்பத்தில் இதற்கு ஒரு முடிவு ஏற்பட்டது. வேன் நகரத் தொடங்கியதிலிருந்து வீடு திரும்பும் வரை அடுப்பு ஆண்களுடையது. நபியவர்கள் வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். வீட்டில் அந்த சுன்னத்தைப் பேண நமக்கு நேரமில்லை என்றால் வெளியூரிலாவது பேணலாம். முதல் நாள் காலை நான் கிண்டிய உப்புமாவைப் பற்றி இங்கே எழுத வேண்டியதில்லை. என் துணைவியார் அதை உண்டுவிட்டு, பலா மரத்தடியில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். எங்களுக்கு மணமாகிப் பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. அவர் சும்மா உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான்.

இப்படி எல்லோரும் ஒதுங்கிய இடத்துக்குப் புறப்பட்டால் அதுவும் நாளை ஊட்டியாகிவிடாதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். நேர்மையான கேள்வி. ஆகிவிடும், எல்லோரும் ஒரே இடத்துக்குப் போனால். ஜமுனாமரத்தூரில் கோடை விழா நடக்கும் நாள்களில் அங்கும் கூட்டம் உண்டு. ஆகவேதான் மலையின் பெயரைச் சொன்ன நான், பலா மரம் எந்த ஊரில் நிற்கிறது என்பதைச் சொல்லவில்லை. படமெடுத்துச் சமூக ஊடகங்களில் போடவும் பிள்ளைகளை விடவில்லை. அதில் அவர்களுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு சிறு மலையோ, ஏரிக்கரையோ, உறவினரின் தோப்போ இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் அங்கே போய் அனுமதி கேளுங்கள். பத்துப் பதினைந்து வண்டிகளாகப் போகாதீர்கள். ஒரு வேன் போதும்.

ஞாயிறு காலை புறப்படும்போது அந்த விவசாயி ஒரு பலாப்பழத்தை வேனில் ஏற்றினார். அடுத்த ஆண்டும் வரலாமா என்று சற்றுத் தயக்கத்தோடுதான் கேட்டேன். அவர் முற்றத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வாருங்கள். அந்தப் பிரியாணியும் கொண்டு வாருங்கள், எங்களுக்கும் சேர்த்து" என்றவர், வண்டி நகர்ந்த பின் பின்னாலிருந்து குரல் கொடுத்தார்: "எலும்பில்லாமல்!"